கடலோர ஊராட்சிக் குடிநீர்: இலவச ஆர்.ஓ. நிலையத்தை ஏற்கலாமா? எதை வைத்து முடிவெடுப்பது?

தென்கடல்:

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில், கடலை ஒட்டிய ஓர் ஊராட்சியின் குடிநீர் விஷயம். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வைக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

850 வீடுகள், 3,800 பேர். காவிரிக் கூட்டுக்குடிநீர் வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறது. மீட்டர்படி ஒரு தடவைக்குச் சுமார் 90,000 லிட்டர். மேல்நிலைத் தொட்டி 60,000 லிட்டர்தான். அது நிறைந்ததும் மீதியை பைபாஸ் வால்வில் நேராகத் தெருக்குழாய்க்கு விடுகிறார்கள். மீனவர் குடியிருப்பு குழாயின் கடைக்கோடியில் இருப்பதால் அங்கே அழுத்தமே இருப்பதில்லை.

கடலிலிருந்து 700 மீட்டர் தள்ளி 35 மீட்டர் ஆழ்துளைக் கிணறு (போர்) ஒன்று. டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 4,200, குளோரைடு 1,900. மணல்மேட்டில் 6 மீட்டர் வெட்டுக்கிணறு இரண்டு. ஜனவரியில் 900 காட்டுகிறது, ஜூனில் 2,100. இரண்டு ஏக்கர் ஊரணி ஒன்று, நிறைந்தால் இரண்டரை மீட்டர் நிற்கும். அதற்கு மழைநீர் வரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம்.

இப்போது ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியில் மணிக்கு 2,000 லிட்டர் ஆர்.ஓ. நிலையம் (சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிப்பது) இலவசமாகத் தருவதாகச் சொல்கிறது. மதிப்பு 14 லட்சம். போர் தண்ணீரை எடுத்துச் சுத்திகரிப்பது திட்டம். ஏற்றுக்கொள்ளலாமா? 20 வருஷம் நிற்கிற முடிவாக இருக்க வேண்டும் என்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

குழாய்க்கணக்கு:

ஆர்.ஓ. பற்றிப் பேசுமுன் கையில் இருக்கிற தண்ணீரைக் கூட்டிப் பாருங்கள். வாரத்துக்கு 1,80,000 லிட்டர். நாளுக்கு 25,700. தலைக்கு 6.8 லிட்டர்.

ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு தலைக்கு 55 லிட்டர். அதோடு ஒப்பிட்டால் பெரிய பள்ளம் தெரியும், நாளுக்கு 2,09,000 லிட்டர் வேண்டும். ஆனால் அந்த 55-இல் குடிக்கவும் சமைக்கவும் போவது 8 லிட்டர் அளவுதான். 3,800 பேருக்கு 30,400 லிட்டர். ஆக நல்ல தண்ணீரில் உங்கள் பற்றாக்குறை நாளுக்கு 4,700 லிட்டர். துவைக்க, கழுவ, கழிப்பறைக்கு வேண்டிய மிச்சத் தண்ணீர் 500 டி.டி.எஸ். அளவுக்குச் சுத்தமாக இருக்கத் தேவையில்லை. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் போடுவதால்தான் எப்போதும் பெரிய இயந்திரம் தேவைப்படுவது போலத் தோன்றுகிறது.

அடுத்தது தொட்டி. மேல்நிலைத் தொட்டியின் வாய் தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் இருக்கும். உங்களுக்கு வருவது திருச்சிப் பக்கம் காவிரி மணலில் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டி வருகிற தண்ணீர். வால்முனையில் எஞ்சியிருக்கும் அழுத்தம் கொஞ்சம். அதை 12 மீட்டர் ஏறச் சொன்னால் பாதி நேரம் வெறுமனே நிற்கும். தரைமட்டத்தில் ஒரு லட்சம் லிட்டர் சம்ப் கட்டி அதில் விழவிட்டால் அதே நேரத்தில் கூடுதலாக இறங்கும். உங்கள் பங்கு எவ்வளவோ அதற்கு மேல் எடுக்காதபடி ஒரு ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வும் மீட்டரும் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு அடுத்த ஊருக்குத் தண்ணீர் போகாது. சம்பிலிருந்து 90,000 லிட்டரை மேலே ஏற்ற 7, 8 யூனிட் மின்சாரம் போதும்.

சம்ப் கட்டும்போது கடலோரத்தில் நடக்கிற தவறு ஒன்று. முழுக்க மண்ணுக்குள் புதைத்துக் கட்டுவார்கள். நவம்பர், டிசம்பரில் நிலத்தடி நீர் மேலே வரும். அப்போது தொட்டி காலியாக இருந்தால் அடியிலிருந்து தூக்கி, தளம் வெடிக்கும். வெடித்த இடம் வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே வரும். 6 × 6 × 2.8 மீட்டர் தொட்டியில் குறைந்தது பாதி உயரம் தரைக்கு மேலே இருக்கட்டும். ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு சேர்ந்த) சிமென்ட், கம்பிக்கு மேல் 50 மி.மீ. கான்கிரீட் கவர். 25 மி.மீ. கவரில் கட்டினால் உப்புக் காற்று கம்பியைத் தின்றுவிடும்.

மூன்றாவது கசிவு. ராத்திரி 10 மணிக்குத் தொட்டி மட்டத்தைக் குறித்து, தெரு வால்வுகளைத் திறந்தபடி விட்டு, காலை 4 மணிக்கு மறுபடி பாருங்கள். தொட்டி 5 மீட்டர் விட்டம் என்றால் 10 செ.மீ. இறக்கம் ஏறக்குறைய 2,000 லிட்டர். பிறகு ஒவ்வொரு தெரு வால்வாக மூடி அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தால் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். 4,700 லிட்டர் பற்றாக்குறையில் கணிசமான பங்கு இங்கேயே கிடைக்க வாய்ப்பு அதிகம். வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுவதையும் நிறுத்த வேண்டும். அது பக்கத்து வீட்டுத் தண்ணீரை இழுப்பதோடு, குழாயில் வெற்றிடம் உண்டாக்கி, கசிவு ஓட்டை வழியாகச் சாக்கடை நீரையும் உள்ளே இழுக்கும்.

சவ்வும்பம்பும்:

மேலே உள்ள கணக்கு சரி. ஆர்.ஓ. பக்கக் கணக்கை நான் போடுகிறேன். மின்சாரம் யூனிட் 8 ரூபாய், ஆபரேட்டர் சம்பளம் மாதம் 9,000, நாளுக்கு 10 மணி நேர ஓட்டம், மீட்பு (உள்ளே போகும் தண்ணீரில் நல்ல தண்ணீராக வெளிவரும் பங்கு) 50 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். விலை இடத்துக்கு இடம் மாறும், உங்கள் கொட்டேஷனில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

20,000 லிட்டர் உற்பத்திக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.25 யூனிட் வீதம் 45 யூனிட், 360 ரூபாய். ஆபரேட்டர் 300. மணிக்கு 2,000 லிட்டருக்கு 4040 அளவுச் சவ்வு 8 வேண்டும். ஒன்று 18,000 என்றால் 1,44,000. மூன்று வருஷம் உழைத்தால் நாளுக்கு 130. படிவுத் தடுப்பான் லிட்டருக்கு 4 மில்லிகிராம், அதோடு 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் வடிகட்டி, இரண்டுக்கும் 75. பழுதுபார்ப்பு 150. மொத்தம் நாளுக்கு 1,015 ரூபாய், வருஷத்துக்கு 3.7 லட்சம். இலவசம் என்பது முதல் நாளோடு முடிந்துவிடும். பத்து வருஷத்தில் இயந்திரத்தை மாற்ற ஒதுக்குவதையும் சேர்த்தால் நாளுக்கு 1,400. தினம் 1,000 கேன் போனால் 20 லிட்டர் கேன் ஒன்றுக்கு 1 ரூபாய் 40 காசு. 400 கேன்தான் போகிறது என்றால் 2 ரூபாய் 90 காசு.

கேனுக்கு 5 ரூபாய் வாங்கினால் இந்தக் கணக்கு நிற்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. நிலையங்கள் படுப்பது வசூல் இல்லாததால் மட்டும் இல்லை. வசூலான பணம் பொதுக்கணக்கில் கலந்து, நான்காம் வருஷம் சவ்வு வாங்க 1,44,000 கேட்கும்போது இல்லாமல் போவதுதான் வழக்கம். தனி வங்கிக் கணக்கு, சவ்வுக்கென்று மாதம் 4,000 ஒதுக்கீடு, இவை தீர்மானத்திலேயே இருக்க வேண்டும்.

எனக்கு உண்மையான கவலை போர்தான். மணிக்கு 4,000 லிட்டர், தினம் 10 மணி நேரம், கடலிலிருந்து 700 மீட்டரில். நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதக்கிற நிலம் இது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால் அடியில் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் என்பது கொள்கைக் கணக்கு. அதையே திருப்பிப் பார்த்தால், பம்ப் ஓடி மட்டம் 10 செ.மீ. இறங்கினால் அடியிலிருக்கிற உப்பு 4 மீட்டர் மேலே வரத் தேடும். 4,200 என்பது இன்றைய அளவு. நாலைந்து வருஷத்தில் 8,000 ஆகலாம்.

8,000 ஆனால் என்ன நடக்கும்? ஆயிரம் டி.டி.எஸ்.-க்கு ஏறக்குறைய 0.7 பார் சவ்வூடு அழுத்தம், அதாவது சவ்வு வழியாகத் தண்ணீர் போகப் பம்ப் முதலில் தாண்ட வேண்டிய அழுத்தம். 4,200-இல் உள்ளே வருவது, கழிவாக வெளியேறுவது இரண்டின் சராசரி 6,300. அதைத் தாண்ட 4.5 பார் போகும். 12 பார் பம்பில் வேலை செய்ய 7.5 பார் மிச்சம். 8,000-இல் சராசரி 12,000, அதற்கு 8.5 பார் போய்விடும், மிச்சம் 3.5. உற்பத்தி பாதி அளவுக்கும் கீழே இறங்கும், தண்ணீரும் உப்புக் கரிக்கும். ஆபரேட்டர் சவ்வு அடைத்துவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அமிலக் கழுவல் போடுவார். சவ்வு அதில் போகும். எனவே உற்பத்தி குறைந்தால் முதலில் உள்வரும் தண்ணீரின் டி.டி.எஸ். பாருங்கள். அது மாறாமல், வெப்பநிலையும் அழுத்தமும் சமன்செய்த உற்பத்தி 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தால் மட்டும் கழுவல்.

இன்னும் சில. போர் தண்ணீர் விழும் கச்சாத் தொட்டியில் யாரும் பிளீச்சிங் பவுடர் போடக் கூடாது. குளோரின் பட்டால் பாலிஅமைடு சவ்வு திரும்பக் கிடைக்காது. பேனல் போர்டு கடல் பக்கம் பார்த்து இருக்கக் கூடாது. உயர் அழுத்தக் குழாய் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் போட்டால் குளோரைடு 1,900-இல் ஊசித்துளை விழும், குறைந்தது 316 கேளுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்தினால் 1 சதவீத சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் ஊறவையுங்கள்.

கழிவு நீர் தினம் 20,000 லிட்டர், 8,400 டி.டி.எஸ். இதை நிலையத்துக்குப் பின்னால் குழி வெட்டி விட்டால் சுற்றி வந்து அதே போருக்குள்ளும் வெட்டுக்கிணற்றுக்குள்ளும் இறங்கும். ஊரணி வரத்தில் விட்டால் ஊரணி போச்சு. கடல்நீர் 35,000 என்பதால் உப்பளவில் இது கடலுக்குப் பெரிய சுமை இல்லை. ஆனால் கழுவல் அமிலமும் காரமும் அப்படியே போகக் கூடாது. பி.எச். 6.5-க்கும் 8.5-க்கும் நடுவில் சமன்செய்த பிறகுதான். எதிரே இருப்பது மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகள், கடற்புல் படுகைகள். கடலோர ஒழுங்குமுறை அனுமதி இல்லாமல் கடலுக்குக் குழாய் போட முடியாது, போடவும் கூடாது.

கடல்நீரையே எடுக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். அது ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட், 55 பாருக்கு மேல் அழுத்தம். இதே மாவட்டத்து நரிப்பையூரில் 1990களின் இறுதியில் வந்தது போல நாளுக்கு 38 லட்சம் லிட்டர் அளவில், தனிப் பராமரிப்புக் குழுவோடு செய்ய வேண்டிய வேலை. ஓர் ஊராட்சி தனியாகத் தூக்கக் கூடியது இல்லை.

தென்கடல்:

இருவருக்கும் நன்றி. பற்றாக்குறை 4,700 என்பதை இப்படிப் பார்க்கவே இல்லை. இரண்டு கேள்விகள். ஊரணி, மழைநீர் இவற்றை நம்பலாமா? ஊரில் பலர் கேன் தண்ணீருக்குப் பழகிவிட்டார்கள், ஊரணித் தண்ணீர் கலங்கல் என்கிறார்கள். இன்னொன்று, செலவு, தரம், பராமரிப்பு, சுற்றுச்சூழல் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு முடிவெடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அது சரியான வழியா?

ஊரணிக்கரை:

ஊரணியைக் கணக்கோடு நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

இரண்டு ஏக்கர் என்றால் 8,000 சதுர மீட்டர். இரண்டரை மீட்டர் ஆழம், கரைச் சரிவைக் கழித்தால் கொள்ளளவு ஏறக்குறைய 15,000 கன மீட்டர். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 270 நாளில் வெயில் மட்டும் ஒன்றரை மீட்டர் தண்ணீரைக் குடித்துவிடும். அது 9,000 கன மீட்டர். மீதி 6,000. தலைக்கு 5 லிட்டர் வீதம் உங்கள் ஊருக்கு அந்த 270 நாளுக்கு வேண்டியது 5,130 கன மீட்டர். கசிவைச் சேர்த்தால் துண்டு விழும். அகலப்படுத்தினால் வெயிலுக்குத்தான் லாபம், ஆழப்படுத்த வேண்டும்.

ஆனால் ஆழப்படுத்துவதில்தான் கடலோர ஊரணிகள் கெடுகின்றன. பொக்லைனை இறக்குமுன் நான்கைந்து இடத்தில் சோதனைக் குழி போட்டுக் களிமண் எவ்வளவு கனம், அதன் கீழே மணல் எங்கே தொடங்குகிறது, நிலத்தடி நீர் எந்த மட்டத்தில், எத்தனை டி.டி.எஸ். என்று பாருங்கள். அடியில் குறைந்தது 60 செ.மீ. களிமண் தொடாமல் இருக்க வேண்டும். அதை உடைத்தால் தை மாதத்தில் தண்ணீர் இறங்கிவிடும், சித்திரையில் உப்பு மேலே ஏறும். உடைந்த அடியைச் சரிசெய்வது மிகக் கடினம்.

நிறைய எவ்வளவு வரத்து வேண்டும்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏறக்குறைய 500 மி.மீ. மழை. ஊரணி மேலேயே விழுவது 4,000 கன மீட்டர். மீதி 11,000-க்கு, மழையில் 15 சதவீதம் ஓடி வரும் என்று வைத்தால் 36 ஏக்கர் வரத்துப் பரப்பு தேவை. சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுக்க வேண்டும். வரத்துக்காலுக்குள் வீடோ சாலையோ குறுக்கே வந்திருக்கிறதா என்று புல வரைபடத்தோடு நடந்து பார்த்துவிடுங்கள். 36 ஏக்கர் இல்லை என்றால் ஊரணி எவ்வளவு ஆழமாக இருந்தும் பயனில்லை.

கலங்கல் தீரும். மெதுமணல் வடிகட்டி ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 100 லிட்டர் வடிக்கும். நாளுக்கு 19,000 லிட்டருக்கு 8 சதுர மீட்டர் படுகை; ஒன்றைச் சுரண்டும்போது மற்றது ஓட, இரண்டு வேண்டும். 90 செ.மீ. நயமான ஆற்று மணல், கீழே 30 செ.மீ. சரளை. கடல் மணலைப் போடவே கூடாது, உப்பும் கிளிஞ்சலும் தண்ணீரைக் கெடுக்கும். மணலின் மேல் படியும் உயிர்ப்படலம்தான் கிருமியைப் பிடிப்பது. அது உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை வடிந்ததைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். காய விட்டால் படலம் செத்துவிடும். ஓட்டம் குறைந்தால் மேல் 2 செ.மீ. மட்டும் சுரண்டி எடுங்கள். வடிந்த பிறகும் குளோரின் உண்டு: கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்ச வேண்டும்.

மழைநீரை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். 50 சதுர மீட்டர் மாடியில் பருவமழைக் காலத்தில் மட்டும் 20,000 லிட்டர் பிடிக்கலாம். நாலைந்து பேர் குடிக்க எட்டு மாதத்துக்கு 5,400 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி கிட்டத்தட்டப் போதும். 2003-இல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு பெரும்பாலான வீடுகளில் குழாயை மண்ணுக்குள்தான் இறக்கினார்கள். அடியில் உப்பு இருக்கிற ஊரில் மண்ணுக்குள் விட்டதைக் குடிக்க முடியாது, தொட்டியில் பிடிக்க வேண்டும். முதல் மழையில் 50 லிட்டரைத் தனிக் குழாயில் வெளியேற்றுங்கள், கடல் உப்பும் காக்கை எச்சமும் அதில் போய்விடும். தொட்டிக்குள் வெளிச்சம் படக் கூடாது. கொசுவலை இல்லாத மூடி இருந்தும் பயனில்லை.

2016-இல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அப்படி ஒரு வருஷத்தில் ஊரணி நிறையாது. ஆனால் 190 மி.மீ. மழை பெய்தாலே அந்த 50 சதுர மீட்டர் மாடி 7,600 லிட்டர் தரும், வீட்டுத் தொட்டி நிறைந்துவிடும்.

மணல்ஊற்று:

வெட்டுக்கிணறு பற்றி ஒன்று. ஜனவரி 900, ஜூன் 2,100 என்பது அந்த மணல்மேட்டின் நல்ல தண்ணீர் மெலிந்து வருவதைக் காட்டுகிறது. பெரிய மோட்டார் வைத்து ஒரே கிணற்றில் இழுக்காதீர்கள். சிறிய மோட்டாரில் இரண்டு கிணற்றிலும் மாற்றி மாற்றி, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். கடத்துத்திறன் மீட்டர் ஒன்று வாங்கி வாரம் ஒரு தடவை, மோட்டார் நிறுத்துவதற்குச் சற்று முன் பாருங்கள். காட்டுவதை 0.65-ஆல் பெருக்கினால் டி.டி.எஸ். கிடைக்கும். துவைக்க, குளிக்க இந்தத் தண்ணீர், தனிக் குழாயில். காவிரிக் குழாயோடு இணைக்கவே கூடாது. மணல் அள்ளுவதையும் அந்த மேட்டில் தடுக்க வேண்டும், மணல் போனால் மழையைப் பிடித்து வைக்க அங்கே எதுவும் இருக்காது.

குழாய்க்கணக்கு:

மதிப்பெண் முறை பற்றி. அதை முதல் படியாக வைத்தால் ஏமாற்றும். இலவச ஆர்.ஓ.-வுக்கு ஆரம்பச் செலவில் முழு மதிப்பெண், தரத்தில் முழு மதிப்பெண் விழும். போர் ஐந்து வருஷத்தில் உப்பாகும் என்பது பத்து மதிப்பெண்ணில் நாலைந்து குறைப்பதோடு நின்றுவிடும். அது கூட்டிக் கழிக்கிற விஷயம் இல்லை. மதிப்பெண் போடுமுன் மூன்று கேள்விகளில் வடிகட்டுங்கள். இந்த மூலம் 20 வருஷம் தாங்குமா? ஆறாம் வருஷத்துப் பில்லை எந்தக் கணக்கிலிருந்து யார் கட்டுவார்? கழிவு எங்கே போகும்? ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அந்த வழி இப்போதைக்கு வேண்டாம்.

தேறியவற்றை மூன்று நிலைமையில் ஓட்டிப் பாருங்கள்: சாதாரண வருஷம், 2016 மாதிரி வருஷம், மேலே எங்கோ பிரதானக் குழாய் உடைந்து 10 நாள் காவிரி வராத நிலை. கடைசி நிலைமைக்குத் தலைக்கு 5 லிட்டர் என்றால் 1,90,000 லிட்டர் இருப்பு வேண்டும். சம்பும் மேல்நிலைத் தொட்டியும் முழுசாக நிறைந்திருந்தாலும் 1,60,000. மீதியை மாடித் தொட்டிகளும் ஊரணியும் தரும். ஒன்று சறுக்குகிற இடத்தில் இன்னொன்று தாங்குகிறதா என்பதே சோதனை. எந்த ஒரு வழியும் மூன்றிலும் தனியாகத் தேறாது.

வரிசையும் முக்கியம். கசிவு சரிசெய்தல், சம்ப், மீனவர் குடியிருப்புக்குத் தனிப் பகிர்மானக் குழாயும் வால்வும், பள்ளி, அங்கன்வாடி, கூரை வலுவான வீடுகளில் மாடித் தொட்டி: இவை எந்த நிலைமையிலும் வீணாகாது, எதையும் கெடுக்காது. இவற்றை முதலில். வரத்துக்கால் வேலையும் ஊரணிச் சோதனைக் குழியும் அடுத்த கோடையில். ஆர்.ஓ. தேவைப்பட்டால் கடைசியில். பற்றாக்குறை 4,700-க்கு மணிக்கு 1,000 லிட்டர் நிலையம் ஐந்து மணி நேரம் ஓடினால் போதும், போரிலிருந்து எடுப்பது தினம் 40,000-லிருந்து 10,000 ஆகக் குறையும்.

நிறுவனத்திடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே 14 லட்சத்தை முதலில் சம்புக்கும் பொதுக் கட்டட மாடித் தொட்டிகளுக்கும் கேளுங்கள். ஆர்.ஓ.-தான் தருவோம் என்றால் மணிக்கு 1,000 லிட்டர் அளவில், ஐந்து வருஷப் பராமரிப்பு ஒப்பந்தமும் ஒரு செட் உபரிச் சவ்வும் சேர்த்து எழுதி வாங்குங்கள். அதற்குமுன் போரில் மூன்று நாள் தொடர் பம்பிங் சோதனை, மணிக்கொரு தடவை நீர்மட்டமும் டி.டி.எஸ்.-உம் குறித்து, ஏப்ரல் அல்லது மே மாதத்தில் நடக்க வேண்டும். மழை முடிந்த ஜனவரியில் எடுத்த சோதனை செல்லாது.

தீர்மானத்தில் எண்களை எழுதிவிடுங்கள். போரின் டி.டி.எஸ். 4,600-ஐத் தாண்டினால் ஓட்ட நேரம் பாதி, 5,500 என்றால் நிறுத்தம். வெட்டுக்கிணறு 1,500-ஐத் தாண்டினால் மோட்டாருக்குப் பூட்டு, வாளி மட்டும். ஊரணி ஒரு மீட்டருக்குக் கீழே போனால் குடிக்க மட்டும், கால்நடைக்கு வேறு ஏற்பாடு. டிசம்பர் 15-க்குள் ஊரணி பாதிகூட நிறையவில்லை என்றால் அடுத்த வாரமே லாரித் தண்ணீருக்கான கோரிக்கை மனு. இந்த அளவுகளை எழுதும் பொறுப்பு பம்ப் ஆபரேட்டருக்கு, பார்க்கும் பொறுப்பு மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேருக்கு. ஒருவர் கட்டாயம் மீனவர் குடியிருப்பிலிருந்து. அளவுகளை எழுதும் பலகை ஊராட்சி அலுவலகத்துக்கு உள்ளே வேண்டாம், தொட்டிச் சுவரில், கறுப்புப் பெயின்ட்டில் கட்டம் போட்டு வையுங்கள்.